48 டொலர் மாட்டுவால்

ஆட்டுக்கறியில் எலும்பு இல்லை. முதல் கரண்டியிலேயே அன்ரி கண்டுபிடித்துவிட்டார். குழம்பை ஒரு தரம் கிளறினார், மறுபடியும் கிளறினார், பிறகு கரண்டியைத் தட்டின் ஓரத்தில் சாய்த்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"எலும்பெல்லாம் எங்கே போயிற்று?"

அந்த ஜமேக்க உணவகத்தில் பரிமாறிக்கொண்டிருந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். நகரின் இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களில் பலர் எலும்பைக் கண்டால் தட்டைத் தள்ளிவைத்துவிடுகிறார்கள் என்றும், எலும்போடுதான் மூன்று மணி நேரம் வேகவைத்துப் பரிமாறும் முன்பு நீக்கிவிடுகிறோம் என்றும் பொறுமையாகச் சொன்னாள். "சாரமெல்லாம் குழம்புக்குள்தான் இருக்கிறது, அன்ரி." அவளுடைய பெற்றோரும் ஜமேக்காவிலிருந்து வந்தவர்களாம். அந்த 'அன்ரி'யைக் கேட்டதும் இவருடைய நெற்றிச் சுருக்கம் கொஞ்சம் இளகியது. ஆனாலும் விடவில்லை. "எலும்பைக் கடிக்கத் தெரியாதவர்களுக்கு ஏன் ஆட்டுக்கறி கொடுக்கிறீர்கள், மகளே? கோழியைக் கொடுங்கள்."

இந்த விஷயத்தில் நான் முழுக்க அன்ரியின் பக்கம். யாழ்ப்பாணத்தில் நான் வளர்ந்த வீட்டில் ஆட்டிறைச்சி என்றால் எலும்பும் கொழுப்பும் ஈரலும் கலந்து வெட்டிய பங்கு இறைச்சி. வெறும் சதைத்துண்டுகளை மட்டும் போட்டுக் குழம்பு வைத்தால் என் கணவர் இன்றைக்கும் சட்டிக்குள் இரண்டு முறை எட்டிப் பார்ப்பார்.

அன்ரி என்று நான் சொல்வது என்னோடு வேலை செய்த ஜமேக்க அம்மாவை. ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தின் சமையலறையில் 19 ஆண்டுகள் நாங்கள் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் நின்றோம். நான் அங்கே சேர்ந்தபோது அவருக்கு ஏற்கெனவே 12 ஆண்டு அனுபவம். காலை ஆறு மணிக்கு ஓட்ஸ் கஞ்சி, பத்தரைக்கு மத்தியானச் சாப்பாட்டுத் தயாரிப்பு, பல் இல்லாதவர்களுக்கு எல்லாவற்றையும் அரைத்துக் கூழாக்குவது, விழுங்கச் சிரமப்படுபவர்களுக்குத் தண்ணீரைக்கூடக் கெட்டியாக்கிக் கொடுப்பது. எங்களுடைய சாப்பாட்டை மட்டும் நின்றுகொண்டே முடித்துவிடுவோம். உட்கார்ந்தால் எழும்ப மனம் வராது என்பார் அன்ரி. கடந்த பெப்ரவரி கடைசியில் அவர் ஓய்வு பெற்றார். மார்ச் இரண்டாவது வாரத்தில் ஒரு புதன்கிழமை மாலை அவரை அழைத்துக்கொண்டு ரொறன்ரோ நகரின் மையத்தில், கிங் வீதியின் மேற்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு ஜமேக்க உணவகத்துக்குப் போனோம். அன்ரி, நான், எங்களோடு வேலை செய்யும் ஒரு பிலிப்பினோத் தோழி, என் மகள். மற்றவர்களுக்கு மாலை வேலை.

போகச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. மகள் தொலைபேசியில் உணவுப் பட்டியலைக் காட்டியபோது அன்ரி கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு வாசித்தார். "மாட்டுவால் 48 டொலர்." இன்னொரு முறை வாசித்தார். "என் அம்மா மாட்டுவாலைக் காசு கொடுத்து வாங்கியதே இல்லை. இறைச்சி வெட்டுகிறவர் சும்மா கொடுப்பார்." தன் வீட்டு அடுப்பில் ஞாயிறுதோறும் கொதிக்கிற ஒன்றுக்கு இவ்வளவு பணமா என்பது அவருடைய கேள்வி. எத்தனையோ தமிழ் வீடுகளில் இதே கேள்வியை நான் கேட்டிருக்கிறேன். தோசைக்கு 18 டொலரா, நண்டுக்கறிக்கு 40 டொலரா, வீட்டில் செய்தால் என்ன செலவு? இத்தாலியர் மாவைப் பிசைந்து பட்டையாக வெட்டித் தக்காளிக் குழம்பை ஊற்றிக் கொடுக்கும்போது இந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை. ஸ்காபரோவின் எங்கள் கடைகளில் ஐம்பது இடியப்பம் வாங்கினால் சொதியும் சம்பலும் இனாமாக வரும். இனாம் என்று நாங்கள் வாங்கிக்கொண்டு போவது, விடியற்காலை நாலு மணிக்கு எழும்பித் தேங்காய் துருவிய ஒரு பெண்ணின் தோள்வலி. சமையலறையில் நின்று கால் வீங்கினவள் என்பதால் இதை எழுதுகிறேன். எங்கள் சாப்பாடு மலிவாகத்தான் இருக்க வேண்டும் என்பதை முதலில் நம்பத் தொடங்கியவர்கள் நாங்கள்தான்.

அன்ரியை மசிய வைத்தது என் வாதம் அல்ல, சீட்டுக்காசு.

எங்கள் சமையலறையில் பதினைந்து வருடமாக ஒரு சீட்டு ஓடுகிறது. ஜமேக்கர்கள் அதைப் 'பார்ட்னர்' என்கிறார்கள். பணத்தைச் சேர்த்து வைத்திருப்பவர் 'பாங்கர்', ஒவ்வொருவரும் போடும் பங்கு 'கை', முறை வந்து மொத்தத்தையும் எடுப்பது 'ட்ரோ'. பிலிப்பினோத் தோழி தன் ஊரில் இதற்குப் 'பலுவாகன்' என்று பெயர் என்றாள். ஏலம் இல்லை, கழிவு இல்லை. பத்துப் பேர், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஆளுக்கு 100 டொலர், முறை வருகிறவருக்கு 1000 டொலர். தொடக்கத்திலிருந்து அன்ரிதான் பாங்கர். ஒரு தவணைகூடப் பிசகியதில்லை. 2014-இல் என் அம்மா தவறிய செய்தி வந்தபோது என் முறைக்கு இன்னும் நாலு தவணை இருந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. அன்ரி தன்னுடைய முறையை எனக்கு மாற்றி எழுதிவிட்டு, உறையை என் ஏப்ரன் பைக்குள் வைத்தார். அந்தப் பணத்தில் வாங்கிய டிக்கெட்டில்தான் நான் யாழ்ப்பாணத்தில் என் ஊரான உரும்பிராய்க்குப் போய்ச் சேர்ந்தேன்.

அதனால் ஒன்பது பேரும் ஆளுக்கு 50 டொலர் போட்டு, இது 'பார்ட்னர்' பணம், உங்கள் கடைசி 'ட்ரோ' என்று சொன்னோம். 'ட்ரோ'வை மறுப்பது வழக்கத்தில் இல்லை.

கென்னடி நிலையத்தில் சுரங்கரயில் ஏறினோம். அடுத்த நிலையம் வார்டன். கதவு திறந்ததும் பற்றீஸ் வாசனை உள்ளே வந்தது. ரொறன்ரோச் சுரங்கரயிலில் போய்வருகிறவர்களுக்கு வார்டன் நிலையத்தின் ஜமேக்கப் பற்றீஸ் தெரியாமல் இருக்க முடியாது. மஞ்சள் சேர்த்த மேல்மாவு, உள்ளே காரமான இறைச்சி, வேண்டுமானால் கோகோ பிரட் என்ற, இரண்டாக மடித்த மிருதுவான பாணுக்குள் வைத்துத் தருவார்கள். 1985-இல் இந்தப் பற்றீஸுக்கு மாட்டிறைச்சிப் பற்றீஸ் என்று பெயர் சொல்லி விற்கக்கூடாது என்று கனடிய மத்திய அரசு சொன்னது. சட்டப்படி அந்தப் பெயர் ஹம்பர்கருக்குள் வைக்கும் வெறும் இறைச்சி வட்டுக்குத்தான் உரியதாம். கடைக்காரர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. விவகாரம் பத்திரிகைகளில் அடிபட்டு, கடைசியில் ஜமேக்கப் பற்றீஸ் என்ற பெயர் நிலைத்தது. இன்றைக்கும் பெப்ரவரி 23-ஐப் பற்றீஸ் நாள் என்று ரொறன்ரோவில் கொண்டாடுகிறார்கள். அன்ரி அந்தக் காலத்தில் நாளுக்கு ஒரு பற்றீஸில் வயிற்றைக் கழுவியவர். 1979-இல் 21 வயதில் வந்தவர். அவருடைய சின்னம்மா அதற்கு முன்பே, 1962-இல், வீட்டுவேலைத் திட்டத்தில் வந்துவிட்டார். கரீபியத் தீவுகளிலிருந்து பெண்களைக் கனடியக் குடும்பங்களுக்கு வேலைக்கு எடுத்த திட்டம் அது. 1955-இல் ஜமேக்காவிலிருந்தும் பார்படோஸிலிருந்தும் 100 பேரோடு தொடங்கி 1967 வரை நடந்தது. வயது 18 முதல் 35-க்குள் இருக்க வேண்டும், திருமணமாகியிருக்கக் கூடாது, குறைந்தது எட்டாம் வகுப்பு. ஒரு வருடம் ஒரு வீட்டில் வேலை செய்தால் நிரந்தரமாகத் தங்கலாம். ஆசிரியராக இருந்த பெண்கள்கூடப் பிறர் வீட்டுத் தரையைத் துடைக்க வந்தார்கள் என்று அன்ரி சொல்வார். சொல்லும்போது குரலை உயர்த்தமாட்டார்.

உணவகத்தின் உள்ளே கொடியும் இல்லை, கடற்கரைப் படமும் இல்லை. கரும்பச்சைச் சுவர், மரச்சட்டமிட்ட ஜன்னல் அடைப்புகள், மேசையில் கஞ்சிபோட்ட வெள்ளைத் துணி. மெல்லிய குரலில் அறுபதுகளின் பாட்டொன்று ஓடியது. அன்ரி உதடு பிரியாமல் கூடவே முணுமுணுத்தார். நாற்காலியை ஒருவர் பின்னால் இழுத்துப் பிடித்தபோது மட்டும் எப்படி உட்காருவது என்று தெரியாமல் ஒரு கணம் நின்றார். பிறகு, தேவாலயத்துக்குப் போடும் ஊதா நிறச் சட்டையை நீவிக்கொண்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

குடிக்க எனக்கும் மகளுக்கும் சொரல். எங்கள் புளிச்சைக்கீரையின் இனத்துச் செடி அது. பூவின் சிவந்த புற இதழ்களை இஞ்சியோடு ஊறவைத்து எடுக்கிறார்கள். ஜமேக்காவில் நத்தார்க் காலத்துக் குடிபானம். இங்கே பட்டை, கராம்பு, தோடம்பழத் தோல் எல்லாம் சேர்த்திருந்தார்கள். புளிப்பு நாக்கின் இரு ஓரங்களையும் பிடித்தது. மற்ற இருவரும் ரம் பஞ்ச் எடுத்தார்கள். மகள் பிறகு இஞ்சி பியரும் ஒன்று வாங்கிக்கொண்டாள்.

முதலில் வந்தது 'ஸ்டாம்ப் அண்ட் கோ'. உப்பிட்டுக் காயவைத்த கொட் மீனை ஊறவைத்து உதிர்த்து, வெங்காயத்தாள், தைம், மிளகாய் சேர்த்து மாவில் கலந்து பொரித்த வடை. கருவாட்டு வடை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த மீன் ஜமேக்கக் கடலில் இல்லை. கனடாவின் கிழக்குக் கரையில், நியூபவுண்ட்லாந்திலும் நோவா ஸ்கோஷியாவிலும் பிடித்து உப்பிட்டது. நல்ல தரம் ஐரோப்பாவுக்குப் போனது. உடைந்ததும் கெட்டுப்போகத் தொடங்கியதுமான கடைசித் தரத்துக்கு 'மேற்கிந்தியத் தரம்' என்றே பெயர் வைத்து, கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக வைத்திருந்த மக்களுக்குத் தின்னக் கொடுத்தார்கள். திரும்பி வந்த கப்பல்களில் ரம்மும் சர்க்கரைப்பாகும் வந்தன. 1992-இல் நியூபவுண்ட்லாந்தில் கொட் மீன் பிடிப்பதை அரசு நிறுத்த வேண்டி வந்தது. அவ்வளவு வற்றிப்போயிருந்தது கடல். அன்றைக்குக் கழித்துக் கொடுத்த மீன் இன்றைக்கு விலை உயர்ந்த பொருள். நாலு வடை 19 டொலர். மொறுமொறுப்பு விடாமல், உள்ளே நீராவி வரும் சூட்டில் வந்தது. அன்ரி ஒன்றைப் பிட்டு, மீன் எவ்வளவு இருக்கிறது என்று வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். "மாவைக் காட்டி ஏமாற்றவில்லை."

அடுத்து மிளகாய் இறால். இதற்காகத்தான் அன்ரி காத்திருந்தார் என்று பிறகுதான் புரிந்தது. அவர் பிறந்தது செயின்ட் எலிசபெத் மாகாணத்தில், ஜங்ஷன் என்ற ஊருக்குப் பக்கத்தில். அதே மாகாணத்தில் மிடில் குவாட்டர்ஸ் என்ற இடத்தில் பெண்கள் தெருவோரம் நின்று, ஆற்று இறாலை ஸ்கொட்ச் பொனெட் மிளகாயோடு செக்கச்செவேல் என்று அவித்துச் சிறு பிளாஸ்டிக் பைகளில் விற்பார்கள். பஸ் நின்றதும் பைகளை ஜன்னலுக்கு நேரே உயர்த்திப் பிடிப்பார்கள். அந்த இறால் இங்கே வெள்ளைத் தட்டில் ஏழு. தலையோடும் ஓட்டோடும் இருந்தது. அன்ரி ஒன்றை எடுத்துத் தலையைத் திருகி உறிஞ்சிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய கைப்பையில் எப்போதும் ஒரு சிறு மிளகாய்ச் சாற்றுப் போத்தல் இருக்கும். இல்லத்தின் உப்பில்லாச் சாப்பாட்டை அதன் துணையோடுதான் இத்தனை வருடம் விழுங்கினார். அன்று அந்தப் போத்தல் வெளியே வரவில்லை. ஸ்கொட்ச் பொனெட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்: அதன் காரத்துக்கு முன்னால் ஒரு பழவாசனை வரும், எங்கள் ஊர் நை மிளகாயை நினைவூட்டும். அந்த வாசனையில் மயங்கி அள்ளிப் போட்டுக்கொண்டவர்கள் அடுத்த அரை மணி நேரம் பேசமாட்டார்கள்.

செயின்ட் எலிசபெத்தின் தென்பகுதி சுண்ணாம்புக்கல் நிலம். மேலே செம்மண், மழை குறைவு. வெங்காயம், வெங்காயத்தாள், தைம், கரட், முலாம்பழம் எல்லாம் அங்கிருந்துதான் தீவு முழுக்கப் போகிறது. ஈரம் காயாமலிருக்கப் புல்லை வெட்டி மண்ணுக்கு மேலே பரப்பிவிடுவார்களாம். இதை அன்ரி முதன்முதலாகச் சொன்னபோது நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன், கத்தி நின்றுவிட்டது. உரும்பிராயும் சுண்ணாம்புக்கல்லின் மேல் செம்மண். எங்கள் வீட்டுப் பின்வளவில் வெங்காயப் பாத்தி. மழைக்குப் பிறகு கால் முழுக்கச் சிவப்பாகிவிடும், வெள்ளைப் பாடசாலைச் சீருடையில் பட்டால் போகவே போகாது. அன்ரியும் வெள்ளைச் சட்டையில் அதே சிவப்பைத் தேய்த்தவர்தான்.

அதே பேச்சில்தான் கலலூ என்பது எங்கள் குப்பைக்கீரை இனம் என்றும், துவரையை அவர்கள் 'கங்கோ பீஸ்' என்று தேங்காய்ப்பாலில் சோற்றோடு சேர்த்து அவிக்கிறார்கள் என்றும் தெரிந்துகொண்டேன். ஈரப்பலாவை நெருப்பில் சுட்டுத் தின்பார்கள். அந்த மரம் பசிபிக் தீவுகளிலிருந்து 1793-இல் கப்பலில் ஜமேக்கா போய்ச் சேர்ந்தது, அதுவும் தோட்டத்து அடிமைகளுக்கு மலிவாகச் சோறு போடுவதற்காக.

பிரதான உணவுகள் ஒன்றாக வந்தன. ஜேர்க் கோழியைப் பற்றி உலகம் போதுமான அளவு பேசிவிட்டதால் சுருக்கமாகச் சொல்கிறேன். பிமென்ரோ மரத்தின் புகை இல்லாமல் அது வெறும் காரக்கோழி. கராம்பின் குடும்பத்து மரம் அது. கொட்டையை நசுக்கினால் கறுவா, கராம்பு, சாதிக்காய் மூன்றும் ஒன்றாக மணக்கும். இங்கே அந்தக் கட்டையைக் கரியோடு போட்டு வாட்டியிருந்தார்கள், புகை எலும்புவரை இறங்கியிருந்தது. முழு மீனைப் பொரித்து, வினாகிரியில் ஊறிய வெங்காயமும் கரட்டும் மிளகாயும் மேலே குவித்த எஸ்கோவிச் எனக்காக வந்தது. 1655 வரை ஜமேக்காவை வைத்திருந்த ஸ்பானியர்களின் சமையலிலிருந்து வந்த முறை. செதில் ஒன்றுகூட இல்லாமல் சுத்தம் செய்திருந்தார்கள். சிவப்பு பீன்ஸும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த சோறு மட்டும் ஆறிப்போயிருந்தது. சொன்னதும் எடுத்துப்போய்ப் புதிதாகக் கொண்டுவந்தார்கள். ஆனால் அந்த விலைக்கு முதல் தடவையே சூடாக வந்திருக்க வேண்டும்.

எலும்பில்லாத ஆட்டுக்கறிக்கு வருகிறேன். எலும்பு போனது போகட்டும், கறித்தூளைச் சரியாக 'எரித்திருந்தார்கள்'. ஜமேக்கச் சமையலில் அது ஒரு படி: எண்ணெய் காய்ந்ததும் கறித்தூளைப் போட்டு, பச்சை வாசனை போய் நிறம் மாறும்வரை வதக்கிவிட்டுத்தான் இறைச்சியைப் போடுவார்கள். நாங்கள் சரக்கை முன்கூட்டியே கறுக்க வறுத்து இடித்து வைத்துக்கொள்கிறோம். அவர்கள் மஞ்சள் தூக்கலான தூளைச் சட்டியிலேயே வறுத்துக்கொள்கிறார்கள். இந்தக் கறி அங்கே போனது கூலி ஒப்பந்தத்தில் போனவர்களோடு. 1845 மே 10-ஆம் தேதி ஓல்ட் ஹாபர் குடாவில் முதல் கப்பல் வந்து நின்றது. அடுத்த எழுபது வருடங்களில் 36,000-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஜமேக்காவுக்குப் போனார்கள், பெரும்பாலோர் வட இந்தியர். அன்ரி ஒருமுறை "இந்தக் கறியை எங்களுக்குக் கொடுத்தது உங்கள் ஆட்கள்" என்றார். நான் மறுத்தேன். கொடுத்தவர்கள் என் ஊரார் அல்லர். பெயர் தெரியாத வேறு ஏழைகள். அவர்களுடைய கறியோடு ஜமேக்கர்கள் தைமையும் பிமென்ரோவையும் ஸ்கொட்ச் பொனெட்டையும் சேர்த்துத் தங்கள் கறி ஆக்கிக்கொண்டார்கள். அந்த ஊரின் கல்யாணத்திலும் செத்தவீட்டிலும் இன்றைக்கு அது இல்லாமல் முடியாது.

மாட்டுவால் அன்ரியின் முன்னால் இருந்தது. ஐந்து துண்டுகள். நான் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை, அம்மா இருந்த காலத்திலிருந்து வீட்டில் இல்லை. அதனால் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். வால் எலும்பு வட்டமாக இல்லை. நாலு பக்கமும் சிறு கொம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும், இடுக்குகளில்தான் நல்ல இறைச்சி ஒளிந்திருக்கும். குழம்பு ஏறக்குறையக் கறுப்பு நிறம், வெளிச்சம் பட்டால் ஓரத்தில் செம்மை. கரண்டியைச் சாய்த்தால் தேன்போல மெதுவாக வழிந்தது. மாவு கரைத்துக் கெட்டியாக்கினால் அந்தப் பசை வராது; எலும்பின் பசை கரைந்தால்தான் வரும், அதற்கு மூன்று மணிக்குக் குறையாமல் அடுப்பு எரிய வேண்டும். பெரிய வெள்ளை பீன்ஸ் தோல் கிழியாமல், தொட்டால் உடைகிற பதத்தில் கிடந்தது. விரல்நீளத்துக்கு உருட்டிய மாவு உருண்டைகள் சில.

அன்ரி கத்தியையும் முள்ளுக்கரண்டியையும் எடுத்தார். எலும்பு தட்டில் வழுக்கியது. இன்னொரு தரம் முயன்றார். வெள்ளைத் துணியில் ஒரு சொட்டுத் தெறித்ததும் சட்டென்று விரலால் மறைத்துக்கொண்டார். சுற்றும்முற்றும் பார்த்தார். பக்கத்து மேசையில் கழுத்துப்பட்டி கட்டிய இரண்டு ஆண்கள். வாழ்க்கையில் ஆயிரம் தடவை கையால் தின்ற ஒன்றை, அந்தத் துணிக்கும் விளக்குக்கும் முன்னால் கையால் தொட அவருக்குத் தயக்கமாக இருந்தது.

நான் என் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தேன். மீனைக் கையால் பிட்டு, முள்ளை ஒதுக்கி, சோற்றோடு பிசைந்து வாயில் வைத்தேன். ஒன்றும் பேசவில்லை. பிலிப்பினோத் தோழியும் கையால் சாப்பிட்டு வளர்ந்தவள். கோழித் துடையைக் கையில் எடுத்தாள். மகளும் எடுத்தாள். அன்ரி எங்கள் மூவரையும் பார்த்துவிட்டுப் பெரிய துண்டைத் தூக்கினார். கொம்புகளுக்கு நடுவே பல்லால் இழுத்து, திருப்பி, மறுபக்கம் இழுத்து, கடைசியில் எலும்பை உறிஞ்சிவிட்டுத் தட்டில் வைத்தபோது அது கழுவி வைத்தது போல இருந்தது. ஐந்து எலும்பும் அப்படித்தான். உதடுகள் ஒட்டிக்கொள்கின்றன என்று சொல்லிச் சிரித்தார். வாயிலிருந்து ஒரு பிமென்ரோ மணியை எடுத்துத் தட்டோரத்தில் வைத்து, "இதைக் கண்டால்தான் நம்பிக்கை" என்றார்.

பிறகு ஒரு காரியம் செய்தார். எலும்புகளை ஒரே தட்டில் சேர்த்து, பெரிய தட்டின் மேல் சிறிய தட்டை அடுக்கி, கரண்டிகளை ஒரே பக்கமாகத் திருப்பி வைக்கத் தொடங்கினார். பார்த்தால் நானும் எதிர்ப்பக்கத்தில் அதையே செய்துகொண்டிருக்கிறேன். பரிமாறிய பெண் ஓடிவந்து எங்கள் கைகளின் மேல் தன் கையை வைத்தாள். "அன்ரி, இன்றைக்கு இது என் வேலை." அன்ரி கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அந்தக் கைகளை 19 வருடமாகப் பார்க்கிறேன். வேலை செய்யாமல் மடியில் கிடந்து அன்றுதான் பார்த்தேன்.

இனிப்புக்கு வத்தாளங்கிழங்குப் புடிங். அதற்கு ஜமேக்காவில் ஒரு விடுகதை உண்டு: மேலே நரகம், கீழே நரகம், நடுவில் அல்லேலூயா. சட்டிக்குக் கீழேயும் மூடிக்கு மேலேயும் தணல் போட்டுச் சுடுவதைச் சொல்கிறது. இந்தச் சமையலறையில் தணல் இல்லை என்பது நிச்சயம், ஆனால் மேல்பக்கம் அந்த ஈரப்பதமான, ஆடைபோன்ற படலம் சரியாக வந்திருந்தது. அதைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அன்ரி கைப்பையைத் திறந்து பழுப்பு மட்டை போட்ட நீளக் கொப்பியை எடுத்து என் பக்கம் தள்ளினார். 'பார்ட்னர்' கணக்கு. பதினைந்து வருடம். மூலைகள் மடிந்து, சில பக்கங்களில் எண்ணெய்க் கறை.

"பாங்கர் வேலையை விட்டுப் போனால் 'பார்ட்னர்' யாரிடம் இருக்க வேண்டும்? கணக்குப் பிசகாதவளிடம்."

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. மகள்தான் வாங்கி என் பைக்குள் வைத்தாள்.

ரசீது 346 டொலர். 13 வீத வரியும் 18 வீத அன்பளிப்பும் சேர்த்து 453 டொலர் 26 சதம். மேலதிக மூன்று சொச்சத்தை நான் போட்டேன். வேறு எந்த நாட்டுச் சாப்பாட்டுக்கும் இந்த வீதியில் நாலு பேர் இவ்வளவு கொடுத்துவிட்டுத்தான் எழும்புகிறார்கள். அந்த மாட்டுவாலுக்குப் பின்னால் மூன்று மணி நேரத் தீயும், வழிவழியாக வந்த ஒரு கைப்பக்குவமும் இருந்தன. 48 டொலர் அதிகம் என்று எனக்கு அப்போதும் தோன்றவில்லை, இப்போதும் தோன்றவில்லை. சோறு ஆறியது குறை. எலும்பை எடுத்தது பெரிய குறை. விலை குறை அல்ல.

கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வரும்போது அன்ரி வாசலில் நின்று, பரிமாறிய பெண்ணைக் கூப்பிட்டார். தன் பையிலிருந்து 20 டொலர் நோட்டு ஒன்றை எடுத்து நாலாக மடித்து அவள் உள்ளங்கையில் வைத்தார். "உள்ளே பாத்திரம் கழுவுகிறவருக்கு. மேசை அன்பளிப்போடு கலக்காதே. அவர் கையில் கொடு." கனடாவுக்கு வந்த முதல் இரண்டு வருடம் அன்ரி பார்த்த வேலை அது.

வெளியே பனி உருகிச் சேறாகிக் கிடந்தது. திரும்பி வரும்போது ரயிலில் அன்ரி தூங்கிவிட்டார், தலை என் தோளில் சாய்ந்திருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை சம்பள நாள். பிற்பகல் மூன்று மணிக்கு, கழுவுதொட்டிக்குப் பக்கத்தில் நின்று, ஒவ்வொருவரிடமும் வாங்கி எண்ணிக் கொப்பியில் எழுதினேன். அவருடைய சாய்வெழுத்துக்குக் கீழே என் எழுத்து சின்னப்பிள்ளை எழுதியது போல இருந்தது. என்னோடு சேர்த்து ஒன்பது பேர், ஒன்பது வரி. பத்தாவது வரியில் அன்ரியின் பெயரை எழுதுவதா விடுவதா என்று தெரியாமல் வெற்றிடமாக விட்டேன். நாலு மணிக்குத் தொலைபேசி அடித்தது.

"நான் வேலையிலிருந்துதான் விலகினேன், 'பார்ட்னரிலிருந்து' அல்ல. என் நூறு டொலரை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள். ஆட்டிறைச்சி வாங்கி ஊறப்போட்டிருக்கிறேன். எலும்போடு."